விளக்கு எரிகிறது, பிங் போகிறது, கோப்பு மட்டும் நகரவில்லை: சர்வர்–ஸ்விட்ச் டூப்ளெக்ஸ் முரணைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

சர்வரின் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) செய்தால் பதில் வருகிறது. எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போனால் தட்டிய கட்டளை உடனே ஓடுகிறது. ஆனால் 2 ஜிபி பேக்கப் கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் கொஞ்சம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரம் இழுக்கிறது. இதைப் பார்த்ததும் பலர் வட்டு மெதுவாக இருக்கிறது, ஃபயர்வால் தடுக்கிறது, அப்ளிகேஷனில் கோளாறு என்று ஆளுக்கொரு திசையில் தேடப் போவார்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் சர்வரையும் ஸ்விட்சையும் இணைக்கும் அந்த ஒற்றைக் கேபிளின் இரண்டு முனைகள். இரண்டு முனையும் ஒரே வேகத்தில், ஒரே டூப்ளெக்ஸ் முறையில் (ஒரே நேரத்தில் இருபக்கமும் பேசலாமா, மாறி மாறித்தானா என்ற அமைப்பு) இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு ‘ஈனோ1’ என்றும், ஸ்விட்ச் போர்ட்டுக்கு ‘1/0/5’ என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் கருவியில் உள்ள பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியில் நடப்பது என்ன?

ஃபுல் டூப்ளெக்ஸில் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், பெறலாம். மோதல் என்ற பேச்சே அங்கு இல்லை. ஹாஃப் டூப்ளெக்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அனுப்பும் முன் கம்பி சும்மா இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் அதை மோதல் என்று கருதி, பாதியில் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும்.

ஒரு முனை ஃபுல்லாகவும் மறுமுனை ஹாஃபாகவும் இருந்தால் ஃபுல் முனை யாரையும் கேட்காமல் தோன்றிய நேரத்தில் அனுப்பும். அதன் கணக்கில் அது சரியே. ஹாஃப் முனை அதே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால் தன் ஃபிரேமை (கம்பியில் போகும் தரவுப் பொட்டலத்தை) பாதியில் வெட்டிவிடும். ஃபுல் முனைக்கு வந்து சேர்வது வெட்டுப்பட்ட துண்டு. அதில் சரிபார்ப்புத் தொகை பொருந்தாது என்பதால் அதை சிஆர்சி பிழை என்று எண்ணிக்கொண்டு குப்பையில் போடும். 64 பைட்டுக்கும் குறைவான துண்டு என்றால் ‘ரன்ட்’ கணக்கில் சேரும்.

இதில் மோசமான பகுதி தாமத மோதல். ஒழுங்கான ஹாஃப் டூப்ளெக்ஸ் நெட்வொர்க்கில் மோதல் நடந்தால் முதல் 64 பைட்டுக்குள், அதாவது 512 பிட் நேரத்துக்குள், தெரிந்துவிடும். கார்டே அதை மறுபடி அனுப்பிவிடும், 16 முறை வரை முயலும். அதற்குப் பிறகு நேரும் மோதலில் கார்டு பொதுவாக மறுபடி அனுப்புவதில்லை, ஃபிரேம் போனது போனதுதான். 100 மெகாபிட் வேகத்தில் 64 பைட் அனுப்ப 5.12 மைக்ரோநொடி ஆகும். 1500 பைட் தரவைச் சுமக்கும் முழு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 120 மைக்ரோநொடி ஆகும். எதிர்முனை ஏதோ ஒரு கணத்தில் குறுக்கே அனுப்பினால் அது அந்த முதல் 5 மைக்ரோநொடிக்குள் விழும் வாய்ப்பு மிகக் குறைவு, மீதி 115-இல் விழும் வாய்ப்பே அதிகம். டூப்ளெக்ஸ் முரண் உள்ள இடத்தில் தாமத மோதல் எண்ணிக்கை ஏறுவது இதனால்தான். தொலைந்த ஃபிரேமை மீட்கும் வேலை, தரவு முழுதாகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறையின் தலையில் விழுகிறது. அது காத்திருந்து, வேகத்தைக் குறைத்து, திரும்ப அனுப்புகிறது. நின்று நின்று நகரும் கோப்பின் ரகசியம் இதுதான்.

பிங் மட்டும் ஏன் நன்றாகப் போகிறது? பிங்கில் ஒரு கேள்வி போகும், அது சேர்ந்த பிறகுதான் பதில் திரும்பும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது அபூர்வம், அதனால் மோதலும் அபூர்வம். கோப்பு நகலில் அப்படி இல்லை. ஒரு பக்கம் தரவு பாய்ந்துகொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற டிசிபி ஒப்புதல்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஆகவே பிங் நன்றாக இருப்பதை வைத்து லிங்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

முரண் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரு முனையின் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் கையால் பூட்டிவிட்டு, மறுமுனையைத் தானே முடிவு செய்யும் ஆட்டோவில் விட்டுவிடுவது.

1995-இல் வந்த 802.3யூ தரநிலையோடு ஆட்டோ நெகோசியேஷன் ஈதர்நெட்டுக்குள் நுழைந்தது. இரு முனைகளும் சிறு துடிப்புகள் மூலம் ‘எனக்கு இவையெல்லாம் முடியும்’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு, இருவருக்கும் பொதுவான சிறந்த முறையைத் தேர்ந்துகொள்ளும். ஒரு முனையில் 100 ஃபுல் என்று பூட்டினால், பெரும்பாலான கருவிகளில் அந்த முனை இந்தத் துடிப்புகளை அனுப்புவதையே நிறுத்திவிடும். ஆட்டோவில் இருக்கும் மறுமுனைக்கு வரும் சிக்னலின் தன்மையை வைத்து வேகம் 10-ஆ 100-ஆ என்று கண்டுபிடித்துவிட முடியும். டூப்ளெக்ஸை மட்டும் சிக்னலை வைத்துச் சொல்ல முடியாது. அப்படித் தெரியாத நிலையில் ஹாஃப் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தரநிலையின் விதி. விளைவு: பூட்டிய முனை 100 ஃபுல், ஆட்டோ முனை 100 ஹாஃப். வேகம் பொருந்திவிட்டதால் விளக்கும் எரிகிறது.

இங்கே புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். ‘நான் ஸ்விட்சில் ஃபுல் என்று போட்டிருக்கிறேன், சர்வர் ஆட்டோ என்பதால் அதுவும் ஃபுல்லுக்கு வந்துவிடும்’ என்று நினைப்பார்கள். வராது. ஃபுல் என்று நீங்கள் பூட்டியதுதான் மறுமுனையை ஹாஃபில் தள்ளியது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் இந்தக் கோளாறில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

எந்தச் சேர்க்கைக்கு எது விளையும் என்று பாருங்கள்:

- இரு முனையும் ஆட்டோ: இருவருக்கும் பொதுவான சிறந்த வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ்.
- ஒன்று ஆட்டோ, மற்றது 100 ஃபுல் பூட்டு: ஆட்டோ முனை 100 ஹாஃப். முரண்.
- ஒன்று ஆட்டோ, மற்றது 10 ஃபுல் பூட்டு: ஆட்டோ முனை 10 ஹாஃப். முரண்.
- ஒன்று ஆட்டோ, மற்றது 100 ஹாஃப் பூட்டு: இருவரும் ஹாஃப். முரண் இல்லை, ஆனால் மெதுவாக ஓடும்.
- இருவரும் 100 ஃபுல் பூட்டு: வேலை செய்யும்.
- ஒருவர் 10, மற்றவர் 100 பூட்டு: லிங்க் ஒழுங்காக ஏறாது.

பூட்டும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆட்டோ நெகோசியேஷன் வந்த தொடக்க ஆண்டுகளில் சில கார்டுகளும் ஸ்விட்சுகளும் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. சர்வர் போர்ட்டை எப்போதும் 100 ஃபுல்லில் பூட்டு என்ற அறிவுரை அப்போது பிறந்தது. அந்தக் கருவிகள் எப்போதோ போய்விட்டன. அந்தக் கான்ஃபிகரேஷன் வரிகள் மட்டும் ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்த ஸ்விட்சுக்கு நகலெடுக்கப்பட்டு இன்னும் உயிரோடு இருக்கின்றன.

செம்புக் கேபிளில் கிகாபிட் வேகத்துக்கு (1999-இல் வந்த 802.3ஏபி) ஆட்டோ நெகோசியேஷன் கட்டாயம். எந்த முனை கடிகாரத்தை நடத்துவது என்பதையும் அதன் வழியாகத்தான் முடிவு செய்கிறார்கள். பல கருவிகளில் ‘ஸ்பீட் 1000’ என்று போட்டாலும் உள்ளே பேச்சுவார்த்தை நடந்துகொண்டுதான் இருக்கும், 1000-ஐ மட்டும் அறிவிக்கும், அவ்வளவே. 10 கிகாபிட்டில் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்பதே கிடையாது. ஆகவே இன்றைய டேட்டா சென்டரில் இந்த முரண் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் 100 மெகாபிட் போர்ட்டுகள்: பழைய சர்வர்கள், ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட்டுகள், மீடியா கன்வெர்ட்டர்கள் (செம்புக் கேபிளையும் ஒளியிழையையும் இணைக்கும் பெட்டிகள்), இணைய இணைப்பு தருபவரின் கருவி.

படி 1: எந்த போர்ட் என்று உறுதி செய்யுங்கள்

ஸ்விட்சில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பி இறங்க வேண்டாம். சர்வரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்) எடுத்து, ஸ்விட்சில் ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ கட்டளையில் அது எந்த போர்ட்டில் தெரிகிறது என்று பாருங்கள். லினக்ஸ் சர்வரின் பின்புறம் நான்கு போர்ட் இருந்து எது ஈனோ1 என்று தெரியாவிட்டால், ‘எத்டூல் -பி ஈனோ1 15’ என்று கொடுங்கள். அந்த போர்ட்டின் விளக்கு 15 நொடி கண்சிமிட்டும். பெரும்பாலான கார்டுகள் இதற்கு ஒத்துழைக்கும்.

இடையில் மீடியா கன்வெர்ட்டரோ மேசைக்கு அடியில் ஒளிந்த சிறு ஸ்விட்சோ இருக்கிறதா என்றும் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். இருந்தால் அங்கே ஒன்றுக்கு இரண்டு லிங்க் இருக்கிறது. முரண் எந்த லிங்கிலும் இருக்கலாம்.

படி 2: சர்வரின் உண்மை நிலையைப் பாருங்கள்

கான்ஃபிகரேஷனில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு, இப்போது கம்பியில் என்ன ஓடுகிறது என்பது வேறு. நமக்கு இரண்டும் வேண்டும்.

லினக்ஸில் ‘எத்டூல் ஈனோ1’ கொடுத்தால் ஸ்பீட், டூப்ளெக்ஸ், ஆட்டோ-நெகோசியேஷன் ஆகிய மூன்று வரிகள் வரும். அதே வெளியீட்டில் ‘லிங்க் பார்ட்னர்’ என்று தொடங்கும் வரிகளையும் கவனியுங்கள், பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எதிர்முனை என்னென்ன முறைகளை அறிவித்தது என்று அவை காட்டும். சர்வரில் ஆட்டோ ‘ஆன்’ என்று இருந்து, லிங்க் பார்ட்னரின் ஆட்டோ நெகோசியேஷன் ‘நோ’ என்று இருந்தால், எதிர்முனை வாயே திறக்கவில்லை என்று பொருள். ஸ்விட்சில் யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. சில டிரைவர்கள் இந்த வரிகளைக் காட்டுவதில்லை, அப்போது ஸ்விட்ச் பக்கம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் சாளரம் வேகத்தை மட்டும் சொல்லும், டூப்ளெக்ஸைச் சொல்லாது. பவர்ஷெல்லில் ‘கெட்-நெட்அடாப்டர்’ கட்டளையை ‘ஃபார்மட்-லிஸ்ட் *’ உடன் (நட்சத்திரக் குறியை விடாமல்) சேர்த்து ஓட்டி, ‘ஃபுல்டூப்ளெக்ஸ்’ என்ற பண்பு ட்ரூவா ஃபால்ஸா என்று பாருங்கள். கையால் பூட்டியிருக்கிறார்களா என்று அறிய டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், பிறகு அட்வான்ஸ்டு தாவல், அதில் ‘ஸ்பீட் & டூப்ளெக்ஸ்’. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ என்றால் ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ நெட்வொர்க் நிக் லிஸ்ட்’. இங்கே ஹோஸ்டில்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில் தெரியும் வேகத்துக்கும் வெளியே உள்ள கேபிளுக்கும் சம்பந்தமில்லை.

படி 3: ஸ்விட்சின் உண்மை நிலையைப் பாருங்கள்

சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகையில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்’ ஒன்றே போதும். டூப்ளெக்ஸ் பத்தியில் ‘ஏ-ஃபுல்’, வேகப் பத்தியில் ‘ஏ-1000’ என்று இருந்தால் பேசி முடிவு செய்தது. முன்னால் ‘ஏ-’ இல்லாமல் வெறும் ‘ஃபுல்’, ‘100’ என்று இருந்தால் கையால் பூட்டியது. ‘ஏ-ஹாஃப்’ என்று கண்டால் ஸ்விட்ச் பேச முயன்றது, எதிர்முனை பதில் சொல்லவில்லை, ஹாஃபுக்கு விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற நிறுவனங்களின் ஸ்விட்சுகளில் சொற்கள் மாறும். ஆனால் கையால் அமைத்தது எது, இப்போது ஓடுவது எது என்ற இரண்டையும் பெரும்பாலானவற்றில் பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் பார்த்ததை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: நேரம், வேகம், டூப்ளெக்ஸ், ஆட்டோவா பூட்டா. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘ஃபுல் என்றுதானே இருக்கிறது’ என்று எழுந்து போவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. முரண் என்பது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் மட்டுமே தெரிவது.

இரு முனையிலும் சிஸ்கோ கருவி இருந்தால், அண்டை கருவியை அறியும் சிஸ்கோவின் சிடிபி நெறிமுறையே முரணைக் கண்டு லாகில் ‘டூப்ளெக்ஸ் மிஸ்மாட்ச்’ என்று எச்சரிக்கை எழுதும். சர்வர் அந்த நெறிமுறையைப் பேசாவிட்டால் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. சர்வரில் எல்எல்டிபி சேவை (அதே வேலைக்கான பொதுத் தரநிலை நெறிமுறை) ஓடினால், அண்டை கருவியின் விவரத்தில் அதன் ஆட்டோ நெகோசியேஷன் நிலையும் நடப்பு முறையும் தெரியும். ஸ்விட்சுக்கு அனுமதி இல்லாத சர்வர் நிர்வாகிக்கு அது பெரிய உதவி.

படி 4: கவுண்டர்களைப் படியுங்கள்

நிலை காட்டும் வரிகள் பொய் சொல்லும் நாளும் உண்டு, டிரைவர் கோளாறால் ஃபுல் என்று காட்டிக்கொண்டு ஹாஃபில் ஓடும் கார்டுகள் இல்லாமல் இல்லை. அப்போது கைகொடுப்பவை பிழைக் கவுண்டர்கள்தாம்.

ஸ்விட்சில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் கவுண்டர்ஸ் எரர்ஸ்’. லினக்ஸில் ‘ஐபி -எஸ் -எஸ் லிங்க் ஷோ ஈனோ1’, இன்னும் விரிவாக வேண்டுமானால் ‘எத்டூல் -எஸ் ஈனோ1’. இந்த எத்டூலில் மட்டும் எழுத்தைக் கவனியுங்கள்: பெரிய எஸ் என்றால் புள்ளிவிவரம் காட்டும், சிறிய எஸ் என்றால் அமைப்பை மாற்றும். விண்டோஸில் ‘கெட்-நெட்அடாப்டர்ஸ்டாடிஸ்டிக்ஸ்’.

மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சர்வர் ஏறியதிலிருந்து 400 நாள் சேர்ந்த கணக்காக அது இருக்கலாம். இப்போதைய எண்ணைக் குறியுங்கள், 60 நொடி கனமான போக்குவரத்தை ஓட்டுங்கள், மறுபடி குறியுங்கள். எவ்வளவு ஏறியது என்பதே தடயம். ஸ்விட்சில் ‘கிளியர் கவுண்டர்ஸ்’ கொடுத்துத் தொடங்கலாம். ஆனால் வேறு யாரும் அந்த எண்ணை வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போக்குவரத்தை உண்டாக்க ஐபெர்ஃப்3 நல்ல கருவி. ஒரு இயந்திரத்தில் ‘ஐபெர்ஃப்3 -எஸ்’ என்று சிறிய எஸ் போட்டுக் காத்திருக்க விடுங்கள். மற்றதில் ‘ஐபெர்ஃப்3 -சி’ என்று முகவரியோடு 60 நொடிக்கு ஓட்டுங்கள். பிறகு பெரிய ஆர் போட்டு எதிர்த்திசையில் ஓட்டுங்கள். கடைசியாக, பதிப்பு 3.7 அல்லது அதற்குப் பின் வந்தது என்றால் இரட்டைக் கோட்டுடன் ‘பைடிர்’ போட்டு இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். முரண் இருந்தால் இந்தக் கடைசிச் சோதனையில் மறைய இடமில்லை. வழக்கமான 1500 பைட் எம்டியுவில் (ஒரு ஃபிரேம் சுமக்கும் தரவின் உச்ச அளவு) நல்ல கிகாபிட் லிங்க் டிசிபியில் சுமார் 940 மெகாபிட் தரும், நல்ல 100 மெகாபிட் லிங்க் சுமார் 94 தரும். அனுப்பும் பக்கத்தில் ‘ரெட்ர்’ என்ற பத்தி டிசிபி எத்தனை முறை மறுபடி அனுப்பியது என்று காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களைச் சேர்த்துப் படிக்கலாம்.

ஒரு முனையில் தாமத மோதல் ஏறுகிறது, எதிர்முனையில் சிஆர்சி பிழையும் ரன்ட்டும் ஏறுகிறது: டூப்ளெக்ஸ் முரண். தாமத மோதல் காட்டும் முனை ஹாஃப், சிஆர்சி காட்டும் முனை ஃபுல். ஃபுல் முனையில் மோதல் கவுண்டர் அசையாமல் சுழியத்தில் நிற்கும், ஏனெனில் அது மோதலைத் தேடுவதே இல்லை. இந்த ஜோடிதான் கைரேகை. ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

சிஆர்சி மட்டும் ஏறுகிறது, எதிர்முனையில் மோதல் எதுவும் இல்லை: கேபிள், இணைப்பி, அல்லது போர்ட் பழுது. டூப்ளெக்ஸை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரு முனையும் ஹாஃப், சாதாரண மோதல் மட்டும் ஏறுகிறது: இது ஹாஃப் டூப்ளெக்ஸின் இயல்பு, முரண் இல்லை. இரு முனையும் ஹாஃபாக இருந்தும் தாமத மோதல் வருகிறதென்றால் கேபிள் 100 மீட்டர் எல்லையைத் தாண்டியிருக்கலாம், அல்லது கார்டு பழுது.

பிழை எதுவும் இல்லை, இரு திசையிலும் அசையாமல் 94 மெகாபிட்: லிங்க் நலமாக 100-இல் ஓடுகிறது. கிகாபிட்டுக்கு ஏன் ஏறவில்லை என்பது தனிக் கேள்வி, அதற்குக் கீழே வருவோம்.

படி 5: சரிசெய்யுங்கள்

தீர்வு ஒரே வரிதான்: இரு முனையையும் ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்விட்சில் ‘கான்ஃபிகர் டெர்மினல்’, ‘இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/5’, ‘ஸ்பீட் ஆட்டோ’, ‘டூப்ளெக்ஸ் ஆட்டோ’, ‘எண்ட்’. சிலர் சுருக்கமாக ‘டிஃபால்ட் இன்டர்ஃபேஸ்’ கட்டளையைக் கொடுப்பார்கள். அது அந்த போர்ட் எந்த உள் நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற விலான் அமைப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும், சர்வர் நெட்வொர்க்கை விட்டே காணாமல் போகும். இந்த வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

லினக்ஸ் சர்வரில் ‘எத்டூல் -எஸ் ஈனோ1 ஆட்டோநெக் ஆன்’, இங்கே சிறிய எஸ். இது ரீபூட் வரைதான் தாங்கும். நெட்வொர்க்மேனேஜர் பயன்படுத்தும் சர்வரில் ‘என்எம்சிஎல்ஐ’ மூலம் அந்தக் கனெக்ஷனின் ஆட்டோ-நெகோசியேட் பண்பை ‘யெஸ்’ என்று வையுங்கள், அதில் பூட்டிய வேகமும் டூப்ளெக்ஸும் இருந்தால் வேகத்தை 0 ஆக்கி டூப்ளெக்ஸை வெறுமையாக்குங்கள். சிஸ்டம்டி வழியில் ‘.லிங்க்’ கோப்பிலும் பழைய பூட்டு ஒளிந்திருக்கலாம். பழைய ரெட் ஹேட் வகைச் சர்வர்களில் இன்டர்ஃபேஸ் கோப்பில் ‘எத்டூல்_ஆப்ட்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். இந்த வரியை அகற்றாமல் விட்டால் இன்று சரியான கோளாறு அடுத்த ரீபூட்டில் திரும்பி வரும். அன்றைக்குப் பணியில் இருப்பவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரிந்திருக்காது.

விண்டோஸில் மேலே சொன்ன ‘ஸ்பீட் & டூப்ளெக்ஸ்’ மதிப்பை ‘ஆட்டோ நெகோசியேஷன்’ என்று மாற்றுங்கள். இஎஸ்எக்ஸ்ஐ-யில் ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ நெட்வொர்க் நிக் செட்’ கட்டளையில் கார்டின் பெயரோடு ‘-ஏ’.

மாற்றும் கணத்தில் லிங்க் விழுந்து எழும். இரண்டு மூன்று நொடியில் பேச்சுவார்த்தை முடிந்துவிடும். ஆனால் அந்த ஸ்விட்ச் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டைத் திறக்கும் அமைப்பு) இல்லை என்றால், நெட்வொர்க்கில் சுழல் பாதை உண்டாகாமல் காக்கும் பழைய வகை ஸ்பானிங் ட்ரீ கேட்கும் நிலைக்கு 15 நொடி, கற்கும் நிலைக்கு 15 நொடி என்று 30 நொடி தரவை விடாது. பதற்றத்தில் அதற்குள் எல்லாவற்றையும் திருப்பி மாற்றிக் குழப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். டேட்டாபேஸ், பகிர்ந்த வட்டு போன்றவை 30 நொடித் துண்டிப்பைத் தாங்குமா என்று முன்பே கேட்டு, பராமரிப்பு நேரத்தில் செய்யுங்கள்.

தொலைவில் உட்கார்ந்து செய்கிறீர்கள், அந்த லிங்க் வழியாகத்தான் சர்வருக்குப் போக முடியும் என்றால் வரிசை முக்கியம். இரு முனையும் 100 ஃபுல்லில் பூட்டியிருந்தால் முதலில் சர்வரை ஆட்டோவாக்குங்கள். அது 100 ஹாஃபுக்கு விழும், முரண் தற்காலிகமாக உண்டாகும். ஆனால் எஸ்எஸ்எச் போன்ற சிறு போக்குவரத்து பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். உடனே ஸ்விட்சை ஆட்டோவாக்குங்கள், இரண்டும் பேசி ஃபுல்லுக்கு ஏறும். சர்வரில் மாற்றும் முன், ஐந்து நிமிடம் கழித்துப் பழைய அமைப்புக்குத் திருப்பும் ஒரு கட்டளையை ‘நோஹப்’ மூலம் பின்னணியில் ஓடவிட்டு, எல்லாம் சரியானதும் அதை நிறுத்திவிடுங்கள். கைக்குள் ஒரு கயிறு இருந்த மாதிரி. ரிமோட் கன்சோல் இருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குவது இன்னும் நல்லது.

மாற்றிய பிறகு படி 2 முதல் 4 வரை மறுபடி செய்யுங்கள். இரு முனையும் ஃபுல், வேகம் ஒன்று, 60 நொடிச் சுமையில் தாமத மோதலும் சிஆர்சியும் ஒன்றுகூட ஏறவில்லை என்றால்தான் வேலை முடிந்தது. பிறகு ஸ்விட்சில் ‘ரைட் மெமரி’ கொடுத்துச் சேமியுங்கள்.

பூட்டியே ஆக வேண்டும் என்றால்

எதிர்முனை ஆட்டோவே தெரியாத பழைய கருவி, அல்லது இணைப்பு தருபவர் 100 ஃபுல்லில்தான் தருவேன் என்கிறார். அப்போது இரு முனையையும் ஒரே வேகத்தில், ஒரே டூப்ளெக்ஸில் பூட்டுங்கள். லினக்ஸில் ‘எத்டூல் -எஸ் ஈனோ1 ஸ்பீட் 100 டூப்ளெக்ஸ் ஃபுல் ஆட்டோநெக் ஆஃப்’. ஸ்விட்ச் போர்ட்டின் டிஸ்கிரிப்ஷனில் ஏன் பூட்டினோம், எதிர்முனையில் எதைப் பூட்டினோம் என்று எழுதி வையுங்கள். பல கருவிகளில் பூட்டியதும் ஆட்டோ-எம்டிஐஎக்ஸ் வசதி (கேபிள் நேரா, கிராஸ்ஓவரா என்று தானே கண்டு சரிசெய்வது) நின்றுவிடும். அதுவரை நேர்க் கேபிளில் ஓடிய இரு ஸ்விட்சுகளின் இணைப்பு திடீரென்று இறந்து, கிராஸ்ஓவர் கேபிள் கேட்கும்.

வேகத்தைக் குறைப்பது மட்டும் நோக்கம் என்றால் பூட்டுவது தேவையே இல்லை. ஆட்டோவை விட்டுவிட்டு, அறிவிக்கும் முறைகளை மட்டும் குறைக்கலாம். ‘எத்டூல் -எஸ் ஈனோ1 அட்வர்டைஸ் 0எக்ஸ்008’ என்றால் 100 ஃபுல் மட்டும், 0எக்ஸ்020 என்றால் 1000 ஃபுல் மட்டும் அறிவிக்கப்படும். பேச்சுவார்த்தை நடப்பதால் எதிர்முனை ஆட்டோவில் இருந்தாலும் முரண் வராது. இது எவ்வளவோ பாதுகாப்பான வழி. எதிர்முனை பூட்டியிருக்கும் இடத்தில் மட்டும் இது உதவாது, பழையபடி ஹாஃபில்தான் விழும்.

டூப்ளெக்ஸ் போலத் தெரியும், ஆனால் அல்ல

இரு முனையும் ஆட்டோ, இரண்டும் ஃபுல், ஆனால் கிகாபிட் கார்டு 100-இல் நிற்கிறது. பெரும்பாலும் கேபிள்தான். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், 1, 2, 3, 6 ஆகிய முள்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4-5 அல்லது 7-8 ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தால் பேச்சுவார்த்தை கிகாபிட் என்று முடியும், லிங்க் ஏறாது. சில கார்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். கேபிளை மாற்றிப் பாருங்கள். ஸ்விட்சில் கேபிள் பரிசோதனை வசதி இருந்தால் எந்த ஜோடி, எத்தனை மீட்டரில் அறுந்தது என்றும் காட்டும். அது ஓடும்போது லிங்க் விழக்கூடும், பார்த்து ஓட்டுங்கள்.

சர்வரை நிறுத்தி வைத்திருக்கும்போது ஸ்விட்சில் 10 அல்லது 100 என்று தெரிவது கோளாறு அல்ல. காத்திருப்பு நிலையில் பல கார்டுகள் மின்சாரத்தைச் சேமிக்க வேகத்தை இறக்கிக்கொள்ளும். இயங்குதளம் ஏறியதும் மறுபடி பேசி மேலே வரும்.

பல போர்ட்டுகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் எல்ஏசிபி பாண்டிங்கில் ஒரு கால் (ஒரு போர்ட்) மட்டும் சேர மறுத்தால் அந்தக் காலின் டூப்ளெக்ஸைப் பாருங்கள். ஹாஃபில் விழுந்த போர்ட்டைத் தொகுப்பு ஏற்காது, வேகம் வேறுபட்ட போர்ட்டையும் சேர்க்காது. இரட்டைக் கார்டு போட்டும் ஒற்றைக் கார்டின் வேகமே வருகிறது என்ற புகாரின் பின்னால் சில சமயம் இதுதான் இருக்கும்.

மீடியா கன்வெர்ட்டரில் செம்புப் பக்கத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் டிப் சுவிட்சுகள் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும். ஸ்விட்ச், சர்வர் இரண்டும் ஆட்டோவில் இருந்தும் கைரேகை ஜோடி தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், யாரோ 100 ஃபுல் பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள்.

அடுத்த முறை கண்காணிப்பே சொல்லட்டும்

எஸ்என்எம்பி (கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து படிக்கும் நெறிமுறை) கண்காணிப்பு ஏற்கெனவே இருந்தால் ஈதர்நெட் புள்ளிவிவர மிப் என்ற மதிப்புப் பட்டியலில் டூப்ளெக்ஸ் நிலைக்கு ஒரு மதிப்பு உண்டு: 2 என்றால் ஹாஃப், 3 என்றால் ஃபுல், 1 என்றால் தெரியவில்லை. சர்வர் போர்ட் எதிலாவது 2 வந்தால் உடனே எச்சரிக்கை அனுப்பும்படி வையுங்கள். இன்று எந்தச் சர்வரும் ஹாஃபில் ஓட வேண்டிய தேவையில்லை என்பதால் வீண் எச்சரிக்கை வர வாய்ப்பு மிகக் குறைவு. அதே இடத்தில் தாமத மோதல் கவுண்டரும் இருக்கிறது. சுழியத்தைத் தாண்டி ஏறினால் எச்சரிக்கை என்று அதற்கும் ஒரு விதி போடுங்கள்.

புது ஸ்விட்சுக்குப் பழைய கான்ஃபிகரேஷனை நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பில் ‘ஸ்பீட்’, ‘டூப்ளெக்ஸ்’ என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். டிஸ்கிரிப்ஷனில் காரணம் எழுதப்படாத ஒவ்வொரு பூட்டுக்கும் எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆட்டோவாக மாற்றிய பிறகே நகலெடுங்கள்.